பென்சில் படாத கன்னம்

பள்ளிக்கூடம் விட்டதும் சந்திரமதி நேரே வீட்டுக்குப் போகமாட்டாள். மலாக்காவின் புங்கா ராயா ரோட்டில் பொன்னுதுரையின் போட்டோ ஸ்டூடியோ முன்னால் போய் நின்று, கண்ணாடிக்குள் மாட்டியிருந்த தன் படத்தைப் பார்ப்பாள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு திமிரா என்று நினைத்துவிடாதீர்கள். படத்தில் இருப்பது தான்தானா என்பதே அவளுக்குச் சந்தேகம். நிஜச் சந்திரமதிக்கு இடக்கண்ணின் கீழிருந்து தாடை வரைக்கும் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு மறு உண்டு. படத்துப் பெண்ணுக்கு அது கிடையாது.

எல்லாம் பொன்னுதுரையின் கைவேலை. படத்தில் கறுப்பாக விழும் இடம் பிலிமில் வெளுத்துக் கிடக்கும். அந்த வெளுப்பின் மேல் ஊசிபோலச் சீவிய பென்சிலால் பொறுமையாகத் தீட்டினால், படம் கழுவும்போது கறுப்பு போய்விடும். தீபாவளிக்குக் குடும்பமாகப் படம் எடுக்கப் போனபோது அவளைத் தனியாகவும் ஒன்று எடுத்தான். பென்சிலைத் தீட்டினான். நன்றாக வந்துவிட்டதே என்று பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டிவிட்டான். யாரைக் கேட்டான்? யாரையும் கேட்கவில்லை.

ஒருநாள் இரண்டு பெண்கள் கண்ணாடி முன்னால் வந்து நின்றார்கள்.

"யாரு வீட்டுப் பொண்ணுடி இது? மூக்கும் முழியும் செதுக்கி வச்ச மாதிரி!" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி பக்கத்தில் நின்றிருந்த சந்திரமதியைத் திரும்பிப் பார்த்தாள். கன்னத்தைப் பார்த்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லும்மா. படத்த மறைக்கிற பாரு" என்றாள்.

சந்திரமதி தள்ளி நின்றாள். அன்றைக்கு இரவு அவள் சோறு சாப்பிடவில்லை.

அந்தப் படம்தான் சோலையப்பனையும் காஜா பேராங்கில் இருந்த அவள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தது. சோலையப்பன் தெங்கேராக்காரர், தமிழர் சங்கத்துச் செயலாளர். மெர்டேக்காவுக்கு, நாடு விடுதலை பெறும் நாளுக்கு, இன்னும் பத்தே நாள். ஊர்வலத்தில் சங்கத்துக்கும் ஒரு அலங்கார லோரி உண்டு. அதில் மலாயாத் தாயாக உட்கார ஒரு பெண் வேண்டும்.

"ஸ்டூடியோவுல படத்தப் பார்த்தேன். பார்த்ததுமே முடிவு பண்ணிட்டேன், இந்தப் பொண்ணுதான்னு!" என்றார்.

சந்திரமதி காப்பி கொண்டுவந்தாள். இடக்கன்னம் கதவுத் திரைப் பக்கமாக இருக்கும்படி நின்றாள். அது அவளுக்குக் கைவந்த கலை. சோலையப்பன் பாதி முகத்தைப் பார்த்துவிட்டு முழுத் திருப்தியோடு தலையாட்டினார். அப்பா கலியாணசுந்தரம் பொதுப்பணி அலுவலகத்தில் கோப்பு எழுதும் கிராணி. கோப்பில் ஒரு புள்ளி தவறினாலும் மேலதிகாரியிடம் சொல்லிவிடுகிற மனிதர். அவரும் அன்றைக்கு மறுவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மகளைத் தேடி வீட்டு வாசலுக்கு ஒருவர் வந்துவிட்டாரே, அந்தப் பெருமையே அவருக்குப் போதுமாக இருந்தது.

வேண்டாம் என்று சந்திரமதியாவது சொல்லியிருக்கலாம். அவளும் சொல்லவில்லை. ஒரே ஒரு நாள், மலாக்கா முழுக்கப் பார்க்க, அந்தப் படத்துப் பெண்ணாக இருந்துவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியாக இருந்தது.

மறுநாளே அம்மா பூங்காவனம் டப்பாவில் கட்டிப் பவுடர் வாங்கிவந்துவிட்டாள். சனிக்கிழமை கோயில் வளாகத்தில் ஒத்திகை. அதற்குள் இரண்டு நாள் பழக்கம் நடந்தது. ஈரப் பஞ்சில் தொட்டு ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று.

"சிரிக்காத, வெடிச்சிரும். வலக்கன்னம் மட்டும் தெரியிற மாதிரியே உக்காரு. வேர்த்தா தொடைக்காத, ஒத்தி எடு."

"வேர்க்காம இருக்க முடியுமாம்மா? மொட்ட வெயில்ல லோரி மேல!"

"வேர்க்காம இரு" என்றாள் அம்மா. வேர்வையைச் சொன்னால் கேட்குமா? அம்மா மறுபடியும் பஞ்சை நனைத்தாள். தன்னைப் பார்த்து வெட்கப்பட்டுத்தான் அம்மா இப்படிப் பூசுகிறாள் என்று சந்திரமதி நினைத்தாள். மனசு எரிந்தது.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. கோயில் முன்னால் லோரி நின்றது. சுற்றிலும் நூறு பேருக்குக் குறையாது. மேலே சிவப்புத் துணி போர்த்திய நாற்காலி, அதில் பட்டுச்சேலை கட்டிய சந்திரமதி. பத்திரிகைக்குப் படம் எடுக்கப் பொன்னுதுரை கேமராவோடு வந்திருந்தான். அவளைப் பார்த்துக் கண்ணடித்து, "கவலப்படாத, தங்கச்சி. என்ன விழுந்தாலும் பென்சில்ல சரி பண்ணிடறேன்" என்று மெல்லச் சொன்னான்.

கழுத்தோரம் வேர்வை ஊறுவது சந்திரமதிக்குத் தெரிந்தது. காதோரம் ஒரு துளி இறங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம், மாரியாத்தா, இன்னும் கொஞ்ச நேரம்!

செயலாளரின் மனைவி சிவகாமசுந்தரி அட்டைக் கிரீடத்தோடு லோரியில் ஏறினாள். கிரீடத்தை வைத்தாள், சரியில்லை என்று எடுத்தாள், மறுபடி வைத்தாள். "ஐயோ பாவம், இப்படி வேர்க்குதே!" என்று கைக்குட்டையால் கன்னத்தை அழுத்தித் துடைத்துவிட்டாள். பாசமாகத்தான் துடைத்தாள். கைக்குட்டையோடு பவுடர் பாளமாக வந்துவிட்டது.

"ஐயய்யோ! என்னடி இது?"

கூட்டம் கழுத்தை நீட்டியது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"கிரகணத்துல வெளிய போயிருக்கா, பெத்தவ. வேற என்ன?" என்றாள் சிவகாமசுந்தரி. "வயித்துப் பிள்ளக்காரிக்கு அது கூடத் தெரியாதா? எங்க இவ அம்மா?"

சந்திரமதி திரும்பிப் பார்த்தாள். அம்மா லோரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், பவுடர் டப்பாவை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றிருந்தாள். தலை நிமிரவில்லை. 'நான்தான்' என்று சொல்லவில்லை.

முதலில் ஆத்திரம்தான் வந்தது. பெற்ற மகள் என்று சொல்லக்கூட வாய் வரவில்லையா? அப்புறம் அந்த முந்தானைக்குள் டப்பா கடகடவென்று ஆடுவதைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பதினைந்து வருஷமாக அம்மா மறைத்துக்கொண்டிருந்தது மகளின் கன்னத்தை இல்லை. தன்னையேதான். குழாயடியில், கல்யாண வீட்டில், கோயிலில், இந்தக் கன்னத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் அம்மாவைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள்.

சோலையப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது. "படத்துல இப்படி இல்லையேம்மா! நாலு இனத்து ஆளுங்களும் பாக்குற ஊர்வலம். நம்ம லோரிய என்ன நெனப்பாங்க? வேற பொண்ணத்தான் பாக்கணும்."

சந்திரமதி லோரியின் ஓரத்தைப் பார்த்தாள். இறங்கி ஓடிவிட்டால் எல்லாம் முடிந்துபோகும். ஆனால் அவள் முந்தானையை எடுத்து, மிச்சமிருந்த பவுடரையும் தாடையிலிருந்து கண் வரைக்கும் அழுத்தித் துடைத்தாள். பட்டுச்சேலை பாழாயிற்று.

"படத்துல இருக்கிற பொண்ணுதான் வேணும்னா, அவளையே கூப்பிடுங்க ஐயா. கண்ணாடிய விட்டு எறங்கி வந்தா அவ உக்காரட்டும். நான் எறங்கிக்கிறேன்."

லோரி ஓட்டுகிற அப்பாசாமி 'பக்'கென்று சிரித்துவிட்டார். சோலையப்பன் முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வாய் வேறயா?" என்றாள் சிவகாமசுந்தரி. "நான் கேட்டதுக்குப் பதில் வரலயே. பெத்தவ எங்க?"

"இங்கதான் இருக்கேன்!"

பூங்காவனம் சக்கரத்துப் பக்கத்திலிருந்து வெளியே வந்தாள். குரல் உடைந்திருந்தது, ஆனால் உரக்க வந்தது. "கிரகணத்தன்னிக்கு நான்தான் வெளிய போனேன். எங்க கம்பத்து ஜனத்துக்கெல்லாம் ஒரே குழாய், அதுல ஒரு மணி நேரம்தான் தண்ணி வரும். வீட்டுல ஏழு பேரு. என் மாமியா குடத்த எடுத்துக் கையில குடுத்துச்சு, போனேன். அந்தத் தண்ணிய எல்லாரும்தான் குடிச்சாங்க. என்ன மட்டும் ஏன் கேக்குறீங்க?"

கலியாணசுந்தரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மனைவியின் பக்கத்தில் நின்றார். பதினைந்து வருஷம் தாமதமாகத்தான், ஆனாலும் நின்றார்.

சோலையப்பன் நெற்றியைத் தேய்த்தார். ஒரு வாரத்தில் வேறு பெண்ணுக்கு எங்கே போவது? "சரி சரி. வலக்கன்னம் தெரியிற மாதிரியாவது உக்காரும்மா."

"ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆளுங்க நிப்பாங்களே ஐயா. நான் நேராத்தான் உக்காருவேன்."

அவர் கிரீடத்தை வைக்கும்படி மனைவிக்குக் கையைக் காட்டினார். சிவகாமசுந்தரி கிரீடத்தை வைத்துவிட்டு இறங்கிப் போனாள். பொன்னுதுரை கேமராவைத் தூக்கினான். சந்திரமதி இடக்கன்னத்தை அவன் பக்கம் திருப்பினாள்.

"அண்ணே, பென்சில் வேணாம்."

ஊர்வலத்தன்று எல்லாரும் கைதட்டினார்கள் என்று சொன்னால் அது பொய். சிலர் தட்டினார்கள். சிலர் விரல் நீட்டினார்கள். புங்கா ராயா ரோட்டு முனையில் ஒரு பயல் தன் கன்னத்தில் கையை வைத்துக் காட்டிக் கேலி செய்தான். சந்திரமதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் திரும்பவில்லை. லோரிக்குப் பக்கத்தில், கூட்டத்தோடு கூட்டமாக, அம்மா பாடாங் திடல் வரைக்கும் நடந்தே வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஸ்டூடியோ கண்ணாடிக்குள் பழைய படம் இருந்த இடத்தில் புதியது தொங்கியது. பொன்னுதுரை இந்தமுறை அவளைக் கேட்டுவிட்டுத்தான் மாட்டினான். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது, பசார் கூடையோடு ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றாள். படத்தைப் பார்த்தாள், சந்திரமதியைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா, இது நீதானே?"

இத்தனை மாதம் அதே இடத்தில் நின்றும் ஒருவர்கூட அவளிடம் கேட்காத கேள்வி அது.

"ஆமாக்கா, நான்தான்" என்றாள் சந்திரமதி. அவள் தள்ளி நிற்கவில்லை.