கிழக்குப் பாதி

…இல்லை, அது வெயிலில் காய்ந்த புல் இல்லை, வெயில் என்றால் நுனிதானே முதலில் கருகும், இது குருத்திலேயே மஞ்சளித்து வேர்வரை செத்துக் கிடந்தது, மூன்று வருஷமாகக் குனிந்து களை பறித்தவளுக்குப் புல் எப்படிச் சாகும் என்று தெரியாதா… பேருந்து ராஜகோபுரத்தைத் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறியபோதும் வள்ளிக்கண்ணுவின் கண்ணில் தண்ணீர் தெரியவில்லை, அந்த மஞ்சள்தான் தெரிந்தது. மகளின் பிரசவத்துக்கு உறையூர் போய்ப் பதினைந்து நாள், பதினைந்தே நாள், திரும்பி வந்து பார்த்தால் வாழைக்கொல்லையின் கிழக்குப் பாதி முழுக்கக் களைக்கொல்லி அடித்திருக்கிறது. என்னங்க இது என்று கேட்டதற்குப் புருஷன் சின்னையா காலைக் கழுவிக்கொண்டே, நிமிராமல், “ஒத்தையாளா எத்தன நாளைக்குக் குனியிறது” என்றார், அவ்வளவுதான், உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனிடம் அதற்கு மேல் என்ன கேட்பது, சத்தம் போட்டால் செத்த புல் எழுந்துவிடுமா?

இயற்கை விவசாயக் குழுவின் தலைவர் வீரமலைக்கு அதற்குள் யார் சொன்னார்களோ, விடியும்போதே போன். “அக்கா, வாயத் தொறக்காதீங்க. இன்னையோட மூணு வருஷம் முடியுது. மருந்து எதுவும் அடிக்கலன்னு உறுதிமொழியில கையெழுத்தப் போட்டுட்டு வந்துருங்க, சான்றிதழ் கைக்கு வந்துரும்.” மூன்று வருஷம்… முதல் வருஷம் வாழைத்தார் சிறுத்துப்போய், மலைக்கோட்டைக் கடைவீதியில் ஒருவன் பூவன் சீப்பைத் தூக்கிப் பிடித்து, என்னம்மா இது, பழமா சுண்டுவிரலா என்று நாலு பேர் சிரிக்கக் கேட்டானே, அன்றைக்கும் அவள் யூரியா உப்பு மூட்டை பக்கம் போகவில்லை. அரசாங்கம் மடக்கி உழுது உரமாக்கத் தக்கைப்பூண்டு விதை கொடுத்தது, கரைசல் கலக்கப் பீப்பாய் கொடுத்தது, பயிற்சிக்குக் கூப்பிட்டது, நட்டத்துக்கு ஈடாகக் கொஞ்சம் உதவியும் கொடுத்தது. கொடுக்கிறதை வாங்கிக்கிட்டு நீ பாட்டுக்குப் பழையபடி அடி, யாரு வந்து மோந்து பாக்கப் போறாங்க என்று சொன்னவர்கள் எத்தனை பேர், அவர்களிடமெல்லாம் முகத்துக்கு நேரே நான் அப்படி இல்லீங்க என்று சொன்ன வாய் இது, இந்த வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள், மூடினால் அவர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடாதா… இருபத்திரண்டு பேர் கொண்ட குழுவுக்கே இவள் ஒருத்தியால் கெட்ட பேர் என்பார்கள், சொல்லட்டுமே.

வேளாண்மை அலுவலகத்தின் கூடத்தில் எல்லோரும் வந்திருந்தார்கள். அதிகாரி ஜோதி சின்ன வயசுப் பெண், ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தாளை நீட்டினாள், கையெழுத்து, அடுத்தது, கையெழுத்து. சின்னையா சார்பாக யாரு என்று கேட்டபோது வள்ளிக்கண்ணு எழுந்தாள், பேனாவை வாங்கினாள், அப்படியே மேஜைமேல் வைத்தாள். “எங்க கொல்லையில களைக்கொல்லி அடிச்சிருக்குங்க மேடம். கிழக்குப் பாதியில. எழுதிக்கங்க.” வீரமலை இருமினார், இருமல் வராத மனுஷன். ஜோதி நிமிர்ந்து பார்த்தாள். “அம்மா, எழுதினா உங்க மூணு வருஷமும் போயிடும். மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். உதவியும் நின்னுடும். தெரியும்ல?” “தெரியுங்க.” “அதோட, ஒருத்தர் சொல்லிட்டா எல்லார் வயல்லயும் மண்ணு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியாகணும்.” அதுவரை இவளையே பார்த்துக்கொண்டிருந்த கூடத்தில் நாலைந்து தலைகள் தரையைப் பார்த்தன… ஓ, இதுதானா, இதற்குத்தான் விடியக்காலையில் போன் பண்ணினாரா? மயிலம்மாள் மட்டும், களிமண் அப்பிய நகத்தோடு பக்கத்தில் நின்றவள், “எடுக்கட்டுமே, எனக்கென்ன பயம்” என்று உரக்கவே சொன்னாள். “அக்கா, ஊர்ல எல்லார் மொகத்துலயும் முழிக்கணும் நீங்க” என்றார் வீரமலை. “முழிக்கத்தாங்க சொல்றேன்” என்றாள் வள்ளிக்கண்ணு, “ஒண்ணாம் வருஷம்னு போடுங்க மேடம், ஆனா இந்தத் தடவ என் பேர்ல போடுங்க. பாடுபடுறது நான்.” நிலம் கணவர் பேரில் இருப்பதால் அவர் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும் என்று ஜோதி ஒரு புதுப் படிவத்தை எடுத்துக் கொடுத்தாள்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது, யாரும் கூட வரவில்லை, வராவிட்டால் என்ன, இன்னும் மூன்று வருஷம், இடுப்பு இருக்கிறது, கை இருக்கிறது, களை முளைக்க முளைக்கப் பறிப்பாள், அடுத்த தடவை சிரிக்கிறவன் சிரிக்கட்டும். படிவத்தை விசிறிபோல ஆட்டிக்கொண்டே நடந்தாள். கிழக்குப் பாதி போகட்டும், மேற்குப் பாதி சுத்தமாக இருந்ததே, ஒரு புல் இல்லை, வேரோடு பிடுங்கி வரப்பில் குவித்திருந்தது, அதை யார்… கால் நின்றுவிட்டது. பின்னால் வந்த ஆட்டோ ஹாரன் அடித்தது, நகர்ந்தாள். அவர்தானே, வேறு யார், முழங்கால் மடங்காத மனுஷன் பாதிக் கொல்லையை ஒற்றையாளாகக் கையால் பறித்திருக்கிறார், அப்புறம்தான் முடியாமல்… அதற்காகச் செய்தது சரியாகிவிடுமா, ஆகாது, இப்போது கேட்டாலும் எழுதிக்கங்க என்றுதான் சொல்வாள். கையெழுத்து, அதையும் போட்டுவிடுவார், குழுவில் சேர்ந்த அன்றைக்குப் போடவில்லையா, சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் தாளை நீட்டினாள், இடது கையால் தட்டை நகர்த்திவிட்டு ஏதோ கேட்டார், போடுங்க, அப்புறம் சொல்றேன் என்றாள், கையைத் துடைத்துக்கொண்டு போட்டார்… என்ன கேட்டார்? பேருந்து வந்து நின்றது, ஏறினாள், பாலம் வரும்வரை யோசித்தாள், மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அந்த மனுஷன் அவளிடம் என்ன கேட்டார்?