இரண்டு முழத் திருக்கை

பஞ்சத்தில் அரிசிக்காகத் தன்னையே விற்றுக்கொண்டவன் பூபதி. பழவேற்காட்டுக் கோட்டையில், ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரரின், அடிமைக் கொட்டடியில் கிடந்தான். காற்று திரும்பியதும் கப்பல் கடல் தாண்டிப் பத்தாவியாத் தீவுக்குப் புறப்படும். போனவன் எவனும் திரும்பியதில்லை.

அண்ணன் நீலமேகத்துக்கு ஒரே ஒரு வழி இருந்தது. கோட்டைக்குத் தரகு பார்க்கும் அப்துல் ஷுக்கூர் மரைக்காயர் சொல்லியிருந்தார்: "ரெண்டு முழ அகலத்துல ஒரு திருக்கைத் தோல் கொண்டாடா. கோட்டைக் கப்பித்தான் உன் தம்பிய வுட்டுடுவான்."

கீழைக்கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு நாட்டில் வாள்பிடிக்குத் திருக்கை மீனின் தோலைச் சுற்றுவார்களாம். தோல் அகலமாக இருந்தால்தான் எடுப்பார்கள். அதற்காக நீலமேகத்தின் மீனவக் குப்பமே பல வருஷமாகத் திருக்கை உரித்தது. கண்மண் தெரியாமல் அல்ல. சின்னதைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும், பெரியதை மட்டும் உரிக்கலாம் என்று பஞ்சாயத்துக் கட்டு இருந்தது. பெரியதன் வயிற்றில் கிடக்கும் குட்டிகள் பிள்ளை பெற்றவளுக்குக் குழம்பு, பால் ஊறும். பெரியதில்தான் குட்டி இருக்கிறது என்பதை ஊரே பார்த்தது, தின்றது. எவனும் யோசிக்கவில்லை.

பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கப் பாடு முறை. சீட்டு யாருக்கு விழுகிறதோ அவனுக்குத்தான் அன்றைக்கு முகத்துவாரம். நீலமேகத்துக்கு விழுந்த நாளில் காலையிலிருந்து இழுத்தும் பாசியும் நண்டும்தான். பொழுது சாயும்போது வலை கனத்தது.

"மச்சான், பெருசுடா!" என்று கத்தினான் கூட வந்த அங்கமுத்து.

படகில் தூக்கிப் போட்டதுமே அது குட்டி தள்ளியது. குட்டிகள் கொஞ்சம் துடித்து அடங்கின. நீலமேகம் அவற்றைப் பார்க்கவில்லை. முதுகின் மேல் முழம் போட்டுக்கொண்டிருந்தான். நாலு விரற்கடை குறைந்தது. உரித்து, இழுத்து முளையடித்துக் காயவைத்தான். தோல் நீளுமா?

மரைக்காயர் அளவுகோலை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இன்னாடா இது? மூணு முழத்துல கொண்டாந்து கொட்டுவீங்களே, அதெல்லாம் எங்க?"

"நாங்கதான் உரிச்சிட்டோம் மரைக்காயரே."

கப்பல் போனது. பூபதியும் போனான்.

மறுவாரம் பஞ்சாயத்தில் நீலமேகம் எழுந்தான். "பெருசு அத்தனையும் பொட்டை. இனிமே பெருச வுட்டுடலாம். இல்லாட்டி ஏரில ஒண்ணும் மிஞ்சாது."

அங்கமுத்து சிரித்தான். அவன் மகள் தேவகியும் அதே கொட்டடியில்தான், அடுத்த கப்பலுக்காக அடைபட்டிருந்தாள்.

"உன் தம்பி கப்பலேறினப்புறம் உனக்குப் புத்தி வந்துச்சா மச்சான்? என் பொண்ணு இன்னும் உள்ளதான் கீறா. நாளைக்குப் பாடு எனக்கு. பொட்டை கெடைச்சா நான் வுடணுமா? நீ சொல்லு."

கட்டு மாறாமலே பஞ்சாயத்து கலைந்தது.

விடிந்ததும் அங்கமுத்துவின் வலைக்குக் கயிறு பிடிக்க ஓர் ஆள் குறைந்தது. நீலமேகம் போய்ப் பிடித்தான்.