வேலையில் சேராத முக்கால் மணி

"கையெழுத்துப் போட முடியலேன்னா இடது கைப் பெருவிரல் ரேகை போதுமாம்," என்று அண்ணன் தாளை நீட்டினார்.

தங்கை வாங்கவில்லை. அவள் கணவனின் வலது கையில் முழங்கை வரை கட்டு. இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று மருத்துவர் சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது.

அவன் நகரப் பேருந்து ஓட்டுநர். அண்ணன் அதே பணிமனையில் நேரக் காப்பாளர். பெண்ணையும் கொடுத்து வேலையும் வாங்கிக் கொடுத்தவர் என்பதால், அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுபேச்சு இருந்ததில்லை.

'வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் கையில் அடிபட்டது' என்று தாளில் அழகாகத் தட்டச்சாகியிருந்தது.

"குளியலறைக்குள்ள எஞ்சின் மூடி எப்படிண்ணா வந்துச்சு?" என்றாள் தங்கை.

"கிண்டல் பண்ணாத. மூடி கையில விழுந்தது அஞ்சரை மணிக்கு. மாப்பிள்ளைக்கு டூட்டி ஆறு மணிக்கு. சட்டப்படி அப்ப அவர் வேலையில இல்ல."

சட்டம் அப்படித்தான் இருந்தது. ஓட்டுநர்கள் முக்கால் மணி முன்னதாக வந்து, டயர், பிரேக், எண்ணெய், தண்ணீர் எல்லாம் பார்த்து, கண்ணாடி துடைத்து வண்டியைத் தயாராக நிறுத்த வேண்டும். வராவிட்டால் தண்டனை உண்டு. வந்தால் சம்பளம் இல்லை. அந்த முக்கால் மணிக்கு நிர்வாகம் வைத்த பெயர் 'பொறுப்புணர்ச்சி'. பொறுப்புணர்ச்சிக்குக் கூலி கொடுப்பது அதை அவமதிப்பதாகும் என்று மேலாளர் ஒரு கூட்டத்தில் கண் கலங்கப் பேசினார். அந்தக் கூட்டத்துக்கு வந்ததற்காக அவருக்குத் தனிப்படி வழங்கப்பட்டது.

"இப்படி எழுதிக் குடுத்தா மேலாளர் மனசு வெச்சு ஏதாவது செய்வார். இல்லேன்னா, டூட்டி இல்லாத நேரத்துல வண்டியத் தொட்டதுக்கு விசாரணை வரும், மாப்ள."

ஓட்டுநர் அப்போதுதான் வாய் திறந்தான். "பதினோரு வருஷமா தொட்டுட்டுத்தானே இருக்கேன், மச்சான். நீங்களும் பாத்துட்டுத்தானே இருந்தீங்க."

அண்ணன் தங்கை வைத்திருந்த தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"அண்ணா, இன்னைக்கு உனக்கு லீவுதானே?" என்றாள் தங்கை.

"ஆமா."

"லீவு நாள்ல இந்தத் தாளத் தூக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்திருக்கியே, இதுக்கு உனக்குச் சம்பளம் உண்டா?"

பாதித் தேநீரோடு அவர் எழுந்துவிட்டார். அவள் விடவில்லை. தாளைப் பிடுங்கித் திருப்பிப் போட்டு, எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், யார் உத்தரவுப்படி எதைப் பார்க்கும்போது மூடி விழுந்தது என்று எழுதினாள். கணவன் இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டான்.

"இத நான் எப்படிக் கொண்டுபோய்க் குடுப்பேன்?"

"கொண்டு வந்த மாதிரியேதான்."

நான்காம் நாள் பதில் வந்தது. அடிபட்டது வேலை நேரத்தில் அல்ல, ஆகவே இழப்பீடு இல்லை. வேலை நேரம் தொடங்குமுன் ஓட்டுநர்கள் அனுமதியின்றிப் பணிமனைக்குள் இருப்பது குற்றமாகும். இதன் நகலை மேலாளர் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் சொன்னார். தன் வாயால் கெடுவது தவளை மட்டும்தான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஐந்தேகாலுக்கு நாற்பது ஓட்டுநர்கள் பணிமனை வாசலுக்கு வெளியே நின்றார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. கட்டுப் போட்ட கையோடு அவனும் வந்திருந்தான்.

ஐந்தே முக்காலுக்கு மேலாளர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"உள்ள வாங்கப்பா, முதல் வண்டிக்கு நேரமாச்சு."

"வந்தா குத்தம்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க," என்றார் வயதில் மூத்த ஓட்டுநர். "ஆறு மணிக்கு வர்றோம். வந்து, பிரேக்கெல்லாம் பாத்துட்டு வண்டிய எடுக்கறோம்."

மேலாளர் கூட்டத்தை விட்டுத் திரும்பினார். "நேரக் காப்பாளர் எங்கய்யா? சாவியெல்லாம் அவர்கிட்டதானே இருக்கு?"

அவர் வெளியேதான் நின்றிருந்தார், தங்கை கணவனுக்குப் பக்கத்தில். சாவிக்கொத்து சட்டைப்பையை இழுத்துக்கொண்டு தொங்கியது.

"எனக்கும் டூட்டி ஆறு மணிக்குத்தான் சார்," என்றார்.