கறாரம்மாவின் கையெடை

கொரோனா குணமாகி வீடு திரும்பிய பதினேழாம் நாள் காலை, கறாரம்மா கையில் எடுத்த பிளாஸ்டிக் சீப்பு இரண்டு கிலோ நூறு கிராம் இருந்தது. குத்துமதிப்பாகச் சொன்னதல்ல. கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவள் உத்தியோகம்; பத்து கிராம் குறைந்தாலும் விடமாட்டாள் என்று வியாபாரிகள் வைத்த பெயர்தான் கறாரம்மா. வீட்டில் ஆள் ஏறி எடை பார்க்கும் மெஷினும் அவளே சரிபார்த்தது. வெறுங்கையோடு ஏறினால் ஐம்பத்தெட்டு கிலோ, சீப்போடு ஏறினால் அறுபது கிலோ நூறு. அதே சீப்போடு கணவர் ஏறியபோது முள் இம்மியும் கூடவில்லை. மெஷின் கெட்டுப்போச்சோ என்று வாய்தவறிக் கேட்ட பாவத்துக்கு அவர் இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

பிறகு துண்டு நாலு கிலோ ஆனது, தண்ணீர்ச் செம்பு பதினொன்று. நுரையீரல், இதயம், ரத்தம் எல்லாம் நார்மல் என்று டாக்டர் கொடுத்த ரிப்போர்ட்டே அவள் கையில் ஆறு கிலோ கனத்தது. "எல்லாருக்கும்தான் வந்துச்சு. எழுந்து நடமாடினா சரியாப் போயிடும்" என்றார் மாமியார். நடமாடத்தான் வேலைக்குப் போனாள். எடைக்கல்லை முதலில் உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பது அவள் பழக்கம். அரசாங்கத்தின் ஒரு கிலோ பித்தளைக் கல் நாலு கிலோ கனக்கவே, கல்லில் பிழை என்று தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். கல் சரி என்று திரும்பி வந்தது. மூன்று முறை அனுப்பினாள், மூன்று முறையும் வந்தது. அதன்பின் அவளை மேஜை வேலைக்கு மாற்றினார்கள். மூன்று கையெழுத்துக்கு ஒருதரம் பேனாவைக் கீழே வைத்து இளைப்பாறுவாள்.

அதெல்லாம்கூடப் போகட்டும். இரண்டு வயது மகள் இரு கைகளையும் நீட்டி "தூக்கு" என்று வந்து நின்றாளே, அதுதான் தாங்கவில்லை. மகள் பன்னிரண்டு கிலோ. அவளைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறியபோது முள் நூற்றிருபது என்ற கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது. இறக்கிவிட்டுப் படுத்தவள் ஒன்பது நாள் எழவில்லை. அழுகையும் வரவில்லை, மனசு மரத்துப் போயிருந்தது. நாளாக ஆக மகள் தூக்கச் சொல்லி அப்பாவிடம் போனாள், அவர் இல்லாவிட்டால் பாட்டியிடம். நாலு வயதில் வாசலில் விழுந்து முட்டித் தோல் பெயர்ந்தபோது, இரண்டடி தள்ளி நின்ற அம்மாவைத் தாண்டி ஓடிப் பக்கத்து வீட்டுக்காரியின் இடுப்பில் ஏறிக்கொண்டாள்.

"எங்கிட்ட வந்திருக்கலாமே?" என்று பிறகு கேட்டாள் கறாரம்மா.

"நீதான் தூக்க மாட்டியேம்மா" என்றாள் மகள். குறையாகச் சொல்லவில்லை, மணி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். மரத்த மனசிலும் அது சுருக்கென்று தைத்தது.

அன்று சாயங்காலம் கறாரம்மா கூடத்தில் எடை மெஷினைப் போடச் சொன்னாள், ஒட்டினாற்போல ஒரு முக்காலியையும். மெஷினில் அவள் ஏறினாள், முக்காலியில் மகள். இருவர் முகமும் ஒரே உயரத்துக்கு வந்தது. கட்டிக்கொள் என்றதும் மகள் கழுத்தைச் சுற்றிக் கைபோட்டுக் கன்னத்தோடு கன்னம் வைத்தாள். கணவர் குனிந்து முள்ளைப் படித்தார். ஐம்பத்தெட்டு. இன்னும் இறுக்கச் சொல்லி மறுபடி படிக்கச் சொன்னாள். ஐம்பத்தெட்டுதான்.

"தூக்கியாச்சு" என்றாள் கறாரம்மா. அன்றிலிருந்து அந்த வீட்டில் தூக்குவது என்றால் அதுதான். விழுந்தாலும் காய்ச்சல் வந்தாலும் மகள் முதலில் முக்காலியைத் தேடினாள்.

இப்போது மகளுக்கு எட்டு வயது. காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் முக்காலியைக் கொண்டுவந்து போடுகிறாள், அதில் அம்மா உட்காருகிறாள். சீப்பு இன்னும் இரண்டு கிலோ நூறுதான். மகள் அம்மாவுக்குத் தலை வாரிவிடுகிறாள்.