பம்ப் ஏன் ஊளையிடுது

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு சாமான் கெட்டுப்போனா, அய்யோ போச்சேன்னு அழ மாட்டேன். எதனால கெட்டுச்சுன்னு தெரியிற வரைக்கும் சோறு இறங்காது. மிக்ஸி நின்னாலும் சரி, மனுசன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாலும் சரி, எனக்குக் காரணம் தெரியணும்.

இந்தத் தடவை என் உசுர வாங்குனது என் சின்ன டிராக்டர். செகண்ட் ஹேண்ட் வண்டி. முன்னால லோடர் மாட்டுனது, அதாவது ரெண்டு இரும்புக் கையும் அள்ளுற பக்கெட்டும். சாணார்பட்டி சுத்துவட்டாரத்து மாந்தோப்புகளுக்கு எரு அள்ளிப் போடுறது என் பொழப்பு. நானேதான் ஓட்டுவேன். "பொம்பள ஓட்டுறா பாரு"ன்னு வேடிக்கை பார்த்தவனெல்லாம் இப்ப போன் போட்டு, "எக்கா, நாளைக்கு வாரீகளா"ங்கறான்.

அந்தக் கைகளைத் தூக்குறது ஆயிலு. ஆயிலைத் தள்ளுறது ஒரு குட்டி பம்ப். அந்தப் பம்ப்தான் தங்க மாட்டேங்குது. முதல் பம்ப் போனப்ப, திண்டுக்கல் பேகம்பூர்ல பட்டறை வச்சிருக்க முனீர் பாய் பார்த்துட்டு, "ஆயில்ல ஏகப்பட்ட தூசிம்மா, அதான் அரைச்சுருச்சு"ன்னார். பழைய ஆயிலைக் கொட்டிட்டுப் புதுசு ஊத்தி, புது பம்ப்பும் போட்டார். அதுவும் ஒரு சீசன் தாங்கல. இப்ப ஓடுறது மூணாவது. போன மாசத்துலருந்து இதுவும் ஊளையிடுது. பக்கெட்டைத் தூக்குனா "ஊ"ன்னு சத்தம் போட்டுக்கிட்டு, பாதியில நின்னு நடுங்குது.

என் வீட்டுக்காரர் பரணி நூல் மில்லுல வேலை பார்க்கிறவர். அதிகம் பேச மாட்டார். வண்டிப் பக்கம் அவர் செய்யிறது ஒரே ஒரு வேலைதான். ஆயில் போற ரப்பர் ஹோஸ்ல லேசா ஒழுக்கு இருக்கறதால வாராவாரம் குறையிற ஆயிலை ஊத்தி வைப்பார். ஒருநாள் சாப்பிடும்போது மெல்ல ஆரம்பிச்சார்.

"வினிதா, வித்துருவோம். ஆயக்குடியில ஒருத்தர் கொய்யாத் தோப்புக்கு வண்டி தேடுறாராம். அடுத்த ஞாயித்துக்கிழமை பார்க்க வாராராம்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "நான் வண்டி ஓட்டுறது உங்களுக்குப் பிடிக்கல. அதை நேரா சொல்லுங்க"ன்னேன். அவர் தட்டை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுட்டார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள நான் காரணத்தைக் கண்டுபிடிக்கிறேன். முடியலைன்னா வித்துக்கோங்க"ன்னு அவர் முதுகைப் பார்த்துக் கத்துனேன். வண்டி போச்சுன்னா மறுபடி நானும் மில்லு வேலைக்குத்தான் போகணும்.

மறுநாளே பட்டறைக்குப் போயிட்டேன்.

"பாய், நீங்க மாட்டுறது பம்ப்பா, திருவிழாவுல வாங்குன பலூனா?"

"ஏம்மா, வந்ததும் வராததுமா சண்டையா? பம்ப்பைக் குத்தம் சொல்லாத. ஆயில்ல என்ன கலந்து ஓடுதுன்னு பார்ப்போம். ரிட்டர்ன் லைன்ல ஒரு பில்டர் போடுறேன்."

விளக்கவும் செஞ்சார். ஆயில் டேங்குல இருந்து கிளம்பி, பம்ப் வழியா லோடர் கைக்குப் போயி, வேலையை முடிச்சுட்டு வேற குழாய்ல டேங்குக்கே திரும்புது. அந்தத் திரும்புற வழியில மறிச்சு வடிகட்டுறதுதான் இந்தப் பில்டர்.

"போற வழியிலயே மறிச்சா என்ன?"

"அங்க இருக்க பிரஷருக்கு இந்த டப்பா வெடிச்சு உன் மூஞ்சியிலயே அடிக்கும்."

"டேங்குக்குள்ள ஏற்கெனவே ஒரு சல்லடை இருக்குன்னீங்களே?"

"அது பெரிய குப்பைக்கு. பொடியெல்லாம் தப்பிச்சு ஓடிரும்."

"இதுல எதுக்கு அம்புக்குறி போட்டிருக்கான்?"

"ஆயில் எந்தப் பக்கமா ஓடணும்னு காட்டுறான். யா அல்லா! இம்புட்டுக் கேள்வி கேட்டா நான் எப்பம்மா ஸ்பேனரைத் தொடுறது?"

பம்ப் தேஞ்சு உதிர்ற பித்தளைத் தூள்தான் சிக்கும்னார் பாய். இல்ல, மண்ணுன்னேன் நான். தோத்தவங்க டீ வாங்கித் தரணும்னு பந்தயம்.

அந்த வாரம் பூரா எரு அள்ளுனேன். சனிக்கிழமை பாய் பில்டரைக் கழட்டி, ஆக்ஸா பிளேடால டப்பாவை அறுத்து, உள்ள இருந்த மடிப்புக் காகிதத்தைப் பேப்பர்ல விரிச்சார். ரெண்டு பேருமே தோத்துட்டோம். பித்தளை கொஞ்சம் மினுங்குச்சு, மண்ணு பேருக்குக்கூட இல்ல. மடிப்புக்கு மடிப்பு பஞ்சு! விளக்குமாத்து நுனியில சுத்திக்கிட்டு வருமே, அந்த மாதிரி.

பாய் மூக்குக்கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டுப் பார்த்தார். "என்னம்மா இது? வண்டிக்குள்ள மெத்தையா தைக்கிற?"

கொஞ்சத்தைக் கிள்ளி டீசல்ல அலசி, வெயில்ல பிடிச்சுப் பார்த்தேன். கத்தரிப்பூ கலர்ல பொடிப்பொடி இழை. அப்புறம் டேங்குக்குள்ள இருக்க சல்லடையைக் கழட்டுனா, கம்பளி போத்துன மாதிரி அடைச்சுக் கிடக்கு.

"பம்ப்புக்கு ஆயிலே போகலம்மா. தண்ணியில்லாத கிணத்துல மோட்டார் போட்ட மாதிரி வெறும் காத்தை இழுத்துக்கிட்டு ஊளையிட்டிருக்கு. போன பம்ப் போனப்பவே இதை நான் கழட்டிப் பார்த்திருக்கணும்"னார் பாய். எல்லாத்தையும் கழுவி, புது பில்டர் மாட்டி விட்டார். ஊளை நின்னுபோச்சு. குறையிற ஆயிலை வீட்டுல ஊத்திக்கச் சொன்னார்.

வழியெல்லாம் கொதிச்சுக்கிட்டே வந்தேன். எந்தக் களவாணி என் டேங்குல கந்தலைத் திணிச்சான்? போட்டிக்கு லோடர் ஓட்டுற ஒவ்வொருத்தனையும் மனசுக்குள்ள நிக்கவச்சு வஞ்சேன்.

வீட்டுல பரணி இருந்தார். ஆயில் கேனைக் கையிலருந்து வாங்கிக்கிட்டு, "நீ போயி சாப்பிடு, நான் ஊத்துறேன்"னார். நானும் உள்ள போயி, தட்டுல வெஞ்சனத்தை வச்சுக்கிட்டே ஜன்னல் வழியா பார்த்தேன்.

மனுசன் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தார். ஒரு சாக்குக்குள்ளருந்து துணி ஒண்ணை எடுத்தார். என்னோட பழைய சின்னாளபட்டி சுங்குடி சேலை. கத்தரிப்பூ கலர். அதை நாலா மடிச்சு, புனல் மேல விரிச்சு, ஆயிலைக் கொஞ்சங்கொஞ்சமா ஊத்துனார். கடைசிச் சொட்டும் வீணாகக் கூடாதுன்னு துணியை முறுக்கிப் பிழிஞ்சார்.

தட்டை அப்படியே வச்சுட்டு ஓடுனேன். "என்ன பண்றீங்க?"

திருடன் மாதிரி முழிச்சார். "தூசின்னு பாய் சொன்னார்ல. அன்னைலருந்து வடிகட்டித்தான் ஊத்துறேன். உன் சேலைதான் நல்லா நைஸா இருந்துச்சு. சொன்னா வைவ."

பேப்பர்ல மடிச்சுக் கொண்டாந்த பஞ்சை அவர் உள்ளங்கையில வச்சேன். "இதான் சல்லடையை அடைச்சிருக்கு. போன பம்ப்பைக் கொன்னது நீங்கதான். இந்தப் பம்ப்பையும் கொல்லப் பார்த்தீங்க."

கையையும் சேலையையும் மாத்தி மாத்திப் பார்த்தார். இடிஞ்சுபோயி அப்படியே டயர்மேல சாஞ்சுட்டார். அப்புறம் மெதுவா கேட்டார்.

"அப்ப வண்டில ஒரு கோளாறும் இல்லையா?"

"இல்ல."

"அந்தாளை நாளைக்கு வர வேணாம்னு சொல்லிரலாம்ல?" சின்னப்புள்ள மாதிரி அவர் மூஞ்சி மலர்ந்துபோச்சு.

"விக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னது நீங்கதானேய்யா!"

"இம்புட்டுப் பாத்துப் பாத்து வடிகட்டியும் கெட்டுப்போகுதேன்னுதான். அதுக்கு மேல உனக்கு என்ன செய்யிறதுன்னு எனக்குத் தெரியல வினிதா."

வைறதுக்குன்னு வழியெல்லாம் சேர்த்து வச்சிருந்தேன். அதையெல்லாம் விட்டுட்டு, அந்தச் சேலையாலயே அவர் கையில இருந்த ஆயிலைத் துடைச்சு விட்டேன்.