லிஃப்ட் ஓடட்டும், கொடி ஏறட்டும்

மலாய் நாட்டின் ஜார்ஜ்டவுன் முச்சந்தியைப் பார்த்து நிற்கும் அந்த அடுக்குமாடியில் லிஃப்ட் நின்று இரண்டு மாதம். ஆறாவது மாடி அக்னஸின் கணவர் ஆர்தருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். எதிர்வீட்டு ஹைதரும் பக்கத்துவீட்டு பூன் ஹுவாட்டும்தான் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். நேற்று ஹைதருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

பழுதுபார்க்க அரசாங்க ஒப்புதல் கிடைத்த வாரமே ஆட்சி கவிழ்ந்தது. கையெழுத்துப் போட்டவர் கட்சி மாறினார். கடிதம் போன இடம் தெரியவில்லை. இப்போது திடீர்த் தேர்தல்.

"நாலு வருஷத்துல மூணு ஆட்சி, அக்கா! யார்கிட்ட போய்க் கேக்கிறது?" என்றான் ஹைதர்.

"கேக்கப் போறதில்ல தம்பி. லிஃப்ட் ஓடுற வரைக்கும் இங்க ஒரு கட்சிக்கொடியும் ஏறக்கூடாது," என்றாள் அக்னஸ்.

ஹைதர் சிரித்துவிட்டான். தேர்தல் வந்தாலே முச்சந்தியைப் பார்த்த இந்தச் சுவரில் கொடி கட்டக் கட்சிகள் அடித்துக்கொள்ளும். "நம்ம கட்சி நம்ம பேச்சக் கேக்கும். பூன் ஹுவாட் கட்சியும் கேக்கும். ஆனா ரோஹானா?"

நான்காவது மாடி ரோஹானா எதிர்க்கட்சியின் மகளிர் தலைவி. போன தேர்தலில் கொடிக்கயிற்றின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அக்னஸும் பிடித்து இழுத்ததை முச்சந்தியே வேடிக்கை பார்த்தது. அக்னஸ் வெட்கத்தை விட்டு அவள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். ரோஹானா கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் கட்சியின் லாரிதான் முதலில் வந்தது, கொடிமூட்டைகளோடு. அதைப் பார்த்ததும் அக்னஸ் ஆறு மாடியும் ஓடி இறங்கினாள்.

கேட்டைப் பூட்டிவிட்டு ரோஹானா குறுக்கே நின்றாள்.

"காக், நீங்க நம்ம தலைவி லா!" என்று மலாயில் அக்கா போட்டுக் கெஞ்சினான் லாரிக்காரன்.

"தலைவிதான் சொல்றேன், வண்டியத் திருப்பு! முதல்ல நம்ம அண்ணன், அபாங் ஆர்தர், இறங்கட்டும், அப்புறம் உங்க கொடி ஏறட்டும்!"

அடுத்து வந்த தன் கட்சி வேனை அக்னஸ் திருப்பினாள். மூன்றாவதை பூன் ஹுவாட் விரட்டினார். ஊரே கொடியாய்ப் பறக்க, மொட்டையாய் நின்ற அந்தக் கட்டடத்தின் படம் கைபேசிக்குக் கைபேசி தாவியது.

நான்காம் நாள் மெக்கானிக்குகள் வந்தார்கள். கூடவே மூன்று வேட்பாளர்கள், ஆளுக்கொரு மாலையோடு. மூவரும் "நான்தான் அனுப்பினேன்" என்றார்கள்.

சாயங்காலம் லிஃப்ட் கதவு தரைத்தளத்தில் திறந்தபோது, ஆர்தரின் நாற்காலிக்கு ஒரு பக்கம் அக்னஸ், மறுபக்கம் ரோஹானா. கைதட்டலில் முச்சந்தி அதிர்ந்தது. வேட்பாளர்கள் மாலையோடு முண்டியடித்தார்கள்.

"இறங்குங்க!" என்றாள் அக்னஸ்.

"இரு லா, இன்னொரு தடவ மேல போயிட்டு வரேன்," என்று ஆர்தர் பொத்தானை அழுத்தினார்.