கம்பெனிக் குளத்துத் தண்ணீர்

கோதண்டத்தின் வலது கண்ணில், கருவிழி மேல் மாவு அப்பினாற்போல் ஒரு வெள்ளை. சொட்டு மருந்து விட்டும் அது பரவிக்கொண்டே இருந்தது.

"ஐயா, கண்ணுல சுரண்டி எடுத்தத மறுபடி பாத்தேன்" என்றார் டாக்டர் சசிரேகா. "நூல் நூலா இருக்கு. பூஞ்சைன்னு நெனச்சு மருந்து குடுத்தேன், கேக்கல. பூஞ்சை மாதிரியே தெரியற வேற கிருமி ஒண்ணு உண்டு. அபூர்வமா வரும். தேங்கின தண்ணியில இருக்கும். அதுக்கு மருந்தே வேற. குளம், குட்டைத் தண்ணி கண்ணுல பட்டுதா?"

"இல்லம்மா. வூட்டு பைப்புத் தண்ணிதான்."

"நல்லா யோசிங்க. லேப் ரிப்போர்ட் வர நாளாகும். அதுவரைக்கும் கண்ணு தாங்காது."

இல்லை என்று கோதண்டம் மறுபடி தலையை ஆட்டினார். இனிக்க இனிக்க விசாரிக்கிறவர்களை அவர் நம்புவதில்லை. அப்படிக் கேட்டுக்கொண்டு வந்தவர்கள்தான் ஒருநாள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கம்பெனியைப் பூட்டினார்கள்.

பென்னலூர்ப் பக்கம் டிவி பெட்டி செய்த கம்பெனி அது. கேட் திறந்த காலத்திலிருந்து அங்கே அவர்தான் தோட்டக்காரர். ஆபீஸ் வாசலில் வட்டக் குளம், நடுவில் பீச்சியடிக்கும் தண்ணீர், சுற்றிலும் தாமரை. நீலச் சீருடையில் ஷிப்டுக்கு வரும் பெண்கள் டிவி பொருத்தும் லைனுக்குள் பூ வைத்துக்கொண்டு போகக்கூடாது என்பது சட்டம். சூப்பர்வைசருக்குப் பயந்து வாசலிலேயே கழற்றி அவர் கையில் திணித்துவிட்டு ஓடுவார்கள். அவர் ஒவ்வொரு சரத்தையும் ஒரு தாமரை இலைமேல் வைப்பார். எட்டு மணி நேரம் கழித்தும் மல்லி வாடாது. வெளியே வந்ததும், "அண்ணே, எம்பூ எது? அவளுத எனக்குக் குடுத்துராதீங்க!" என்று கூச்சல். எது யாருடையது என்று அவருக்குத் தெரியும். குளத்தங்கரை முழுக்கச் சிரிப்பாக இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்கவே ஓ.டி. இல்லாத நாளிலும் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

பூட்டிய கம்பெனிக்கு இப்போது காவல் பிச்சையா. சங்கரன்கோவில் பக்கத்து ஆள். "சும்மா பாத்துட்டு வந்துருங்க அண்ணாச்சி. வெளிய தெரிஞ்சா என் வேலை போயிரும்" என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டைத் திறந்துவிடுவான். பார்த்துவிட்டு வந்திருக்கலாம். குளம் பாசி மூடிக் கிடந்ததைக் கோதண்டத்தால் பொறுக்க முடியவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே வாரினார். அப்போது தெறித்ததுதான்.

டாக்டர் அவருடைய இடது கண்ணைப் பொத்தினார்.

"உங்க வீட்டம்மா எங்க நிக்கறாங்க, காட்டுங்க."

அவர் கதவுப் பக்கம் கையை நீட்டினார். மூக்கை உறிஞ்சும் சத்தம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. அழுவது கனகம்தான்.

"பட்டுதும்மா" என்றார் கோதண்டம். "மூடின கம்பெனியில குளம் ஒண்ணு கீது. சுவரேறிக் குதிச்சேன்."

கனகத்தின் அழுகை நின்றது. "யோவ், இந்த முட்டிய வெச்சிக்கினு சுவரேறினியா? பஸ்ஸுல ஏறவே ஒன்ன நான் தள்ளி வுடணும்!"

"நீ சும்மா கெட. ஏறினேன்னா ஏறினேன். வாட்ச்மேன் தூங்கிட்டான்." சொன்ன பிறகுதான் அது பிச்சையாவுக்கு இன்னும் கெடுதல் என்று உறைத்தது. "தூங்கலம்மா. ரவுண்ட்ஸ் போயிருந்தான். நல்லவன்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குச் சுவரும் வேணாம், வாட்ச்மேனும் வேணாம். தண்ணி பட்டுதுல்ல? அது போதும்."

அன்றைக்கே மருந்து மாறியது. மணிக்கொரு தடவை கனகம் சொட்டு விட்டாள், திட்டிக்கொண்டே விட்டாள். வெள்ளை பரவுவது மெல்ல நின்றது.

"கண்ணு தங்கிடுச்சு. ஆனா தழும்பு நிக்கும்" என்றார் டாக்டர், கடைசியாகப் பார்த்தபோது. "புகை மாதிரிதான் தெரியும்."

"புகையா இருந்தா இன்னா? கீதில்ல."

சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். ஏதோ ஒரு கம்பெனி வண்டி எதிரே வந்து நின்றது. கோதண்டம் நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பார்த்தார். நீலமாய் ஒரு கலங்கல் இறங்கி, பிரிந்து, நாலா பக்கமும் போயிற்று.

"இன்னாய்யா நின்னுட்ட?"

"பொண்ணுங்க" என்றார். "ஷிப்டு வுட்டு போவுதுங்க."